பீப்பாய்க்குள் ஒரு வீட்டுத்தோட்டம்: சம்பூர் முற்றங்களுக்கு ஏற்ற மீன் – பயிர் இணை வளர்ப்பு

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே அமைந்துள்ள சம்பூருக்கு மழை குறைந்த பூமி என்று பெயரில்லை. திருகோணமலை மாவட்டத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஆனால் அதில் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையிலான நான்கு மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது முற்றத்துக் கீரைப்பாத்தி கருகுகின்றது. கிணற்று நீர் கீழிறங்குகின்றது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு ஏறுகின்றது. மழை பெய்யும்போது வெள்ளம், ஓய்ந்தபின் வரட்சி என்ற இந்தச் சுழற்சிக்குள்தான் இங்குள்ள வீட்டுத்தோட்டங்கள் உயிர்வாழ வேண்டியிருக்கின்றன.

இப்பிரதேச மக்களுக்கு நீரும் நிலமும் வெறும் விவசாய விடயங்கள் அல்ல. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதை அடுத்து மூண்ட சண்டை, அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. அதற்கு முன்னரே, ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களால் சம்பூர்த் தமிழ் மக்களின் இடப்பெயர்வு ஆரம்பமாகியிருந்தது. செப்டெம்பரில் சம்பூர் படையினர் வசமானது. 2007இல் உயர்பாதுகாப்பு வலயம், பின்னர் அனல் மின் நிலையத் திட்டம், 818 ஏக்கரில் கைத்தொழில் வலயம் என அடுத்தடுத்து வந்த அறிவித்தல்கள் ஊர் திரும்பும் வழியை அடைத்தன. 2015ஆம் ஆண்டு முதல் கட்டங்கட்டமாகவே மக்கள் தம் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. திரும்பியவர்களை வரவேற்றது பற்றையும் இடிந்த கிணறும்தான். ஒன்பது ஆண்டுகள் பராமரிப்பற்றுக் கிடந்த மண்ணை மீண்டும் தோட்டமாக்குவது எத்துணை கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

இந்தப் பின்னணியில்தான், பாவித்த பீப்பாய்களைக் கொண்டு வீட்டு முற்றத்திலேயே மீனையும் மரக்கறியையும் சேர்த்து வளர்க்கும் முறை ஒன்று நம் கவனத்துக்குரியதாகின்றது. ஆங்கிலத்தில் அக்குவாபோனிக்ஸ் என அழைக்கப்படும் இம்முறையைத் தமிழில் மீன் – பயிர் இணை வளர்ப்பு எனலாம். இது என்ன, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணுக்குத் தெரியாத தொழிலாளர்

மீன் உண்ணும் தீனியிலுள்ள புரதத்தின் ஒரு பகுதி அமோனியாவாக அதன் செவுள் வழியே நீரில் வெளியேறுகின்றது. சிறிதளவு அமோனியாவே மீனைக் கொல்லப் போதுமானது. தனியே மீன் வளர்ப்போர் இதனாலேயே அடிக்கடி நீரை மாற்றுகின்றனர். ஆனால் கற்களின் மேற்பரப்பிலும் தொட்டியின் சுவர்களிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொரு வகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இவ்வுயிர்களை இனங்கண்டு விளக்கினார். நைத்திரேற்று மீனுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. பயிருக்கோ அதுவே முதன்மையான பசளை.

ஆகவே மீன் வாழும் நீரைக் கல் நிரப்பிய தொட்டிக்குள் ஏற்றி, அங்கே பயிர் நட்டு, வடியும் நீரை மீண்டும் மீனிடமே அனுப்பினால் ஒரு வட்டம் பூர்த்தியாகின்றது. மீனுக்கு நஞ்சானது பயிருக்கு உணவாகின்றது. பயிர் உறிஞ்சியபின் திரும்பும் நீர் மீனுக்கு ஏற்றதாகின்றது. இந்த நீர் மண்ணுக்குள் இறங்கி வீணாவதில்லை. இலைகளின் வழியாகவும் ஆவியாகவும் நாளொன்றுக்கு 1 முதல் 3 வீதம் வரையிலான நீரே இழக்கப்படுகின்றது. இங்கு விளக்கவிருக்கும் இரண்டு பீப்பாய் அமைப்பில் சுமார் 230 லீற்றர் நீர் இருக்கும். எனவே நாளாந்த இழப்பு 2 முதல் 7 லீற்றர் வரைதான். கச்சான் வீசும் நாட்களில் இது சற்றுக் கூடினாலும் ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும்.

மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி 1980களிலிருந்து மேற்கொண்ட ஆய்வுகளே இம்முறைக்கு உறுதியான அறிவியல் அடித்தளத்தைத் தந்தன. நன்னீர் அரிதான தீவொன்றிலேயே இவ்வாய்வு வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

காஸா தரும் பாடம்

எனினும் சம்பூருக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் காஸாவே. 2007ஆம் ஆண்டு முதல் முற்றுகைக்குள்ளான அந்நிலப்பரப்பில், எல்லையோர விளைநிலங்கள் விவசாயிகளுக்கு எட்டாதவையாயின. நிலத்தடி நீரில் கடலுவர் கலந்தது. எஞ்சியது வீட்டுக் கூரை மட்டுமே. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் அங்கு பெண்களைத் தலைவர்களாகக் கொண்ட வறிய குடும்பங்களின் கூரைகளில் மீன்தொட்டிகளையும் அவற்றோடு இணைந்த பயிர்த்தொட்டிகளையும் அமைத்துக் கொடுத்தது. திரவப் பொருட்கள் ஏற்றியிறக்கப் பயன்படும் 1,000 லீற்றர் கொள்கலன்களை வெட்டி இத்தகைய தொட்டிகளாக மாற்றும் செய்முறையை அந்நிறுவனம் 2014இல் வெளியிட்ட 589ஆம் இலக்கத் தொழில்நுட்ப நூல் படிப்படியாக விளக்குகின்றது. இன்று உலகெங்கும் சிறு அளவில் இதில் ஈடுபடுவோருக்கு அதுவே கைந்நூல். மைமன்சிங்கிலுள்ள வங்கதேச விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிளாஸ்ரிக் பீப்பாய்களைக் கொண்டு இதே முறையைத் தம் நாட்டு வீடுகளுக்கு ஏற்றவாறு எளிமைப்படுத்தியுள்ளனர்.

காஸாவின் கதைக்கு மறுபக்கமும் உண்டு. மின்வெட்டும் தீனி, உதிரிப்பாகத் தட்டுப்பாடும் அங்கு நாளாந்தப் பிரச்சினைகள். 2023 ஒக்டோபரில் தொடங்கிய போரோ அனைத்தையும் விஞ்சிய அழிவைக் கொணர்ந்தது. பயிரிடக்கூடிய நிலையில் எஞ்சிய விளைநிலம் 5 வீதத்துக்கும் குறைவென 2025இல் ஐக்கிய நாடுகள் மதிப்பீடு தெரிவித்தது. நிலமும் நீரும் மறுக்கப்பட்ட மக்களுக்குக் கூரைத் தொட்டி ஒரு தற்காலிக ஆறுதலே. உரிமைக்கு அது மாற்றீடாகாது. சம்பூர் விடயத்திலும் இதனை மனத்திற் கொள்வது அவசியம்.

அமைக்கும் முறை

தேவையானவை 200 லீற்றர் கொள்ளளவுள்ள பிளாஸ்ரிக் பீப்பாய்கள் இரண்டு. இங்கே முதலாவது எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பீப்பாயில் முன்னர் என்ன இருந்தது என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் அதனை வாங்கக்கூடாது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் உள்ள மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் பீப்பாய்கள் அனைத்தும் உணவுப் பொருள் வந்தவை அல்ல. சமையல் எண்ணெய், வினாகிரி, பழப்பாகு வந்தவை நன்று. பூச்சிகொல்லி, அமிலம், வர்ணப்பூச்சு வந்தவற்றை எத்தனை முறை கழுவினாலும் பாவிக்கலாகாது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற இலக்கம் இருந்தால் அது தகுந்த வகைப் பிளாஸ்ரிக் என்பதற்கு அடையாளம். ஆனால் உள்ளே இருந்த பொருளுக்கு அது உத்தரவாதம் அல்ல.

ஒரு பீப்பாயின் மேல்மூடியை வெட்டி அகற்றினால் அது மீன்தொட்டி. மற்றையதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பயிர்த்தொட்டிகள் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் பயிர்ப்பரப்பு. மீன்தொட்டியை அரைவாசி மண்ணில் புதைத்து நிழலில் வைப்பது நல்லது; நீரும் குளிர்ந்திருக்கும், பயிர்த்தொட்டியைத் தாங்கும் கட்டின் உயரமும் குறையும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மூதூர்ப் பகுதி கண்ட வெள்ளத்தை நினைவிற் கொண்டு, மேட்டான இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். பயிர்த்தொட்டிகளுக்கு வெயில் வேண்டும். கல்லும் நீரும் நிறைந்தால் ஒவ்வொன்றும் 150 கிலோவுக்கு மேல் பாரம் கொள்ளும் என்பதால், மரச்சட்டத்தை நம்பாமல் சீமெந்துக் கற்களை அடுக்கி அவற்றின் மேல் உறுதியாக இருத்த வேண்டும்.

பயிர்த்தொட்டிக்குள் நிரப்ப அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரையிலான கருங்கல் சல்லி உகந்தது. சில கற்களை எடுத்து அவற்றின் மேல் வினாகிரி விட்டுப் பார்க்கலாம்; நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு, அது வேண்டாம். கடல் மணலும் கூடாது. கல்லைப் புழுதி போகும்வரை கழுவிய பின்னரே நிரப்ப வேண்டும்.

மீன்தொட்டியிலிருந்து மணிக்கு 200 லீற்றர் நீரையாவது ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய சிறிய நீர்ப்பம்பி ஒன்று போதுமானது. அலங்கார மீன் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும். ஒவ்வொரு பயிர்த்தொட்டியின் அடியிலும் துளையிட்டு, கல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வாய் இருக்கும்படி பி.வி.சி. குழாயொன்றை நிறுத்தினால் மிகையான நீர் அதனுள் விழுந்து மீன்தொட்டிக்கே திரும்பும். அக்குழாயைச் சுற்றித் துளைகளிட்ட பெரிய குழாயொன்றை நிறுத்தினால் கல் உள்ளே விழாது. நீர்மட்டம் கல்லுக்குக் கீழேயே நிற்பதால் நுளம்பு முட்டையிட இடமில்லை, பாசியும் குறையும். பம்பியை மீன்தொட்டியின் அடியில் வைக்காது ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுவது புத்தி. குழாய் எங்கேனும் கழன்று நீர் வெளியேறினாலும், மீன் உயிர்வாழ அந்த ஒரு சாண் நீராவது எஞ்சும். செம்பு, பித்தளை, நாகம் பூசிய பொருத்துக்கள் நீரில் கரைந்து மீனைப் பாதிக்குமாதலால் தவிர்க்கப்பட வேண்டும். நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் பம்பியைப் பொருத்தக்கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் மீன்தொட்டியின் வாயை வலையால் உறுதியாக மூடுவது கட்டாயம்.

முதல் மாதத்துப் பொறுமை

இவ்வமைப்புகளில் தோல்வி பெரும்பாலும் முதல் மாதத்திலேயே நேர்கின்றது. காரணம் அவசரம். தொட்டியை நிரப்பியவுடன் மீன்குஞ்சுகள் அனைத்தையும் விட்டால், அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் இன்னும் குடியேறியிராத நிலையில் மீன்கள் இறந்து மிதக்கும். பற்றீரியாக்கள் போதியளவு பெருக நமது வெப்பநிலையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். எனவே முதலில் மூன்று நான்கு குஞ்சுகளை மட்டும் விட்டு, மிகச் சிறிதளவு தீனி இட்டு, நீரை ஓடவிட வேண்டும். குழாய்நீர் பாவிப்போர் அதிலுள்ள குளோரின் நீங்க இரண்டு நாட்கள் திறந்த பாத்திரத்தில் வைத்தபின் ஊற்றலாம். கிணற்று நீர் நாவில் உவர்த்தால் திலாப்பியா தாங்கும்; கீரை தாங்காது. அத்தகைய வீடுகள் மாரியில் கூரைநீரைச் சேமித்தே இதனைத் தொடங்க வேண்டும். சேமிப்புப் பீப்பாயை இறுக மூடத் தவறினால் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்களாவோம்.

மீன் என்ற வகையில் திலாப்பியாவே ஏற்றது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் நமது குளங்களுக்கு இன்று அந்நியமானதல்ல. வெப்பத்தையும் நெருக்கத்தையும் அது பொறுக்கும். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை மீன்குஞ்சு உற்பத்தி நிலையங்களை நடத்துகின்றது.

கணக்கு எளிமையானது. கீரை வகைக்கு ஒரு சதுர மீற்றர் பயிர்ப்பரப்புக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் வரையிலான தீனி மீன் வழியாகச் செல்ல வேண்டும். வளர்ந்த மீன் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு வீதம் வரை உண்ணும். ஆகவே 200 கிராம் எடையுள்ள 15 மீன்கள் அந்த ஒரு சதுர மீற்றருக்குப் போதுமானவை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஒட்சிசன் போதாது. அரைமணி நேரத்துள் உண்ணாது விட்ட தீனியை அள்ளி அகற்ற வேண்டும். அதிகாலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து நின்றால் அது ஒட்சிசன் குறைவின் அறிகுறி. நாளடைவில் நீர் புளிப்புத்தன்மை அடையும். கரையில் ஒதுங்கும் சிப்பி, மட்டி ஓடுகளை நொருக்கித் துணிப்பையில் கட்டி நீரில் தொங்கவிட்டால் அது சீராகும். இதற்கெனப் பவளப்பாறையை உடைத்தெடுக்கலாகாது. அது சட்டப்படி குற்றம்.

பயிர்களில் கங்குன், பொன்னாங்காணி, பசளி, வல்லாரை, புதினா ஆகியன முதலில் நடத் தகுந்தவை. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு ஊட்டம் கூடுதலாக வேண்டுமாதலால் அமைப்பு முதிர்ந்த பின்னர் முயலலாம். பூச்சிகொல்லி தெளிக்க இங்கு வழியே இல்லை. தெளித்தால் மீன் இறக்கும். கையால் பூச்சி பொறுக்குவதும் வலை கட்டுவதுமே வழி. தாம் உண்ணும் கீரையில் என்ன நஞ்சு இருக்கிறதோ என்று அஞ்சும் குடும்பத்துக்கு இதுவே ஒரு நிம்மதி.

மீனுக்காக அல்ல, கீரைக்காக

இம்முறையைப் பற்றி எழுதுவோர் பலர் மீன் அறுவடையையே பெரிதாகக் காட்டுவர். உண்மையைச் சொல்வதானால், மேற்சொன்ன தொட்டியில் ஆறு மாதமளவில் கிடைப்பது 3 கிலோ மீன். கடலை வாசலில் கொண்ட சம்பூருக்கும் மூதூருக்கும் அது ஒரு பொருட்டல்ல. கரைவலை ஏறும் ஒரு காலைப்பொழுதில் அதனை வாங்கிவிடலாம். இங்கு மீன் இலாபம் அல்ல. மீன்தான் பசளைத் தொழிற்சாலை. கச்சான் காலத்திலும் வாரத்தில் இரண்டு மூன்று கறிக்குக் கீரை பறிக்க முடிகிறதென்பதே இலாபம்.

இந்த இலாபத்தின் பெறுமதியை நாம் அண்மையில்தான் கற்றோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்படுவதற்குள் விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது மரக்கறி விலை எட்டாக்கனியானது. அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்குமளவுக்கு நிலைமை மோசமடைந்தது. முற்றத்தில் பசளை வாங்கத் தேவையற்ற ஒரு சதுர மீற்றர் பச்சை இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்குமுள்ள வேறுபாட்டைத் தாய்மார் அறிவர். வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீட்டுக்கும் புதினா இன்றிப் புரியாணி சமைக்காத வீட்டுக்கும் இது ஒன்றுபோலவே பயன்படும்.

மின்சாரமே இம்முறையின் பலவீனம். 15 வாற்று பம்பி இடைவிடாது ஓடினால் மாதம் சுமார் 11 அலகு செலவாகும். 2022இன் 13 மணிநேர மின்வெட்டுப் போன்ற நிலை மீண்டும் வந்தால், வாளியால் நீரை அள்ளி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டிக்குள் ஊற்றுவதே ஏழையின் மாற்றுவழி. மீன் குறைவாயிருந்தால் அது போதும். சம்பூரில் 120 மெகாவாற்று சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த மண்ணின் வீடுகளுக்கு ஒரு பம்பியை ஓட்டவல்ல சிறு சூரியப் படலும் கிட்டினால் நியாயமாயிருக்கும்.

தீனி அடுத்த சுமை. கடைத் தீனியையே முற்றாக நம்பாமல், உப்பிடாது உலர்த்திய நெத்தலித் தூள், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓரளவு ஈடுசெய்யலாம். ஆயினும் சாணத்தைத் தொட்டியில் இடும் பழக்கம் இங்கு ஆகாது. அதே நீரில்தான் நாம் உண்ணும் கீரை வளர்கின்றது.

செய்ய வேண்டியது

போருக்குப் பின்னர் கிழக்கில் வாழ்வாதார உதவி என்ற பெயரில் வந்திறங்கிய பொருட்கள் எத்தனை முற்றங்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்பதை நாம் அறிவோம். பீப்பாயும் பம்பியும் அந்த வரிசையில் சேரக்கூடாது. நூறு வீடுகளுக்கு நூறு தொட்டிகளைப் பகிர்ந்தளித்துப் புகைப்படம் எடுத்துச் செல்வதிலும், சம்பூரில் ஒரு பாடசாலையிலும் மூதூரில் ஒரு பாடசாலையிலும் ஒவ்வொரு தொட்டியை ஓராண்டு நடத்திக் காட்டுவது மேலானது. நைத்திரசன் வட்டத்தைப் புத்தகத்தில் படிக்கும் மாணவர் அதனைத் தொட்டியில் காண்பர். அவர்களைப் பார்க்க வரும் தாய்மார் தாமே தீர்மானிப்பர். விவசாயப் போதனாசிரியரின் மாதாந்த வருகை, மீன்குஞ்சு உரிய காலத்தில் கிடைக்க ஓர் ஒழுங்கு, பழுதான பம்பியைத் திருத்தத் தெரிந்த ஓர் இளைஞர் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தத் திட்டமும் தொடங்கப்படக்கூடாது.

பீப்பாய் காணிக்கு ஈடாகாது. வாய்க்கால் நீருக்கும் ஈடாகாது. அவற்றுக்கான கோரிக்கைகள் அவற்றின் வழியில் தொடர வேண்டியவையே. எனினும் ஒரு மதகு மூடப்பட்டதால் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து அல்லலுற்ற இப்பிரதேசத்தில், எவரும் மூட முடியாத இருநூறு லீற்றர் நீர் ஒவ்வொரு முற்றத்திலும் சுழன்று கொண்டிருப்பது சிறிய விடயமன்று. விரும்புவோர் இரண்டு பீப்பாய்களோடும் நான்கு மீன்குஞ்சுகளோடும் தொடங்கட்டும். முதல் மாதம் பொறுத்திருப்பவர்களுக்கு இரண்டாம் மாதம் கங்குன் தளிர்க்கும்.